டெம்பரேச்சர் கன்ட்ரோலரில் அவுட்புட்டும் கன்ட்ரோல் மோடும்: எதை முதலில், எதைக் கடைசியில் செட் செய்வது

பேனல் வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் கன்ட்ரோலருக்கு சப்ளை கொடுத்த கையோடு செட் பாயின்டை ஏற்றி, கன்ட்ரோலர் தன் எண்களைத் தானே கண்டுபிடிக்கும் ஆட்டோ ட்யூனை அழுத்திவிடுகிறார்கள். ட்யூனிங் முடியாமல் தொங்குகிறது. முடிந்தாலும் டெம்பரேச்சர் 20 டிகிரி மேலும் கீழும் ஆடுகிறது. உடனே பிஐடி எண்களை (அவுட்புட் எவ்வளவு என்று கணக்கிட உதவும் பி, ஐ, டி என்ற மூன்று அளவுகளை) நோண்ட ஆரம்பிப்பார்கள். கோளாறு பெரும்பாலும் அங்கே இருப்பதில்லை. நாலு படி முன்னால், சென்சார் செட்டிங்கிலோ அவுட்புட் வகையிலோ சைக்கிள் டைமிலோ உட்கார்ந்திருக்கும்.

கீழே வரும் முறை ஒற்றை லூப் கன்ட்ரோலர் எதற்கும் பொருந்தும். பிடிமானத்துக்கு ஓர் எக்ஸ்ட்ரூடர் பேரலின் (பிளாஸ்டிக்கை உருக்கித் தள்ளும் இயந்திரத்தின் உருளை) ஒரு ஜோனை எடுத்துக்கொள்வோம்: 230 வோல்ட்டில் 2 கிலோவாட் பேண்ட் ஹீட்டர், கே டைப் தெர்மோகப்பிள், குளிர்விக்க ஒரு சின்ன புளோயர், 48×48 மில்லிமீட்டர் கன்ட்ரோலர், செட் பாயின்ட் 180 டிகிரி செல்சியஸ். பிவி என்றால் சென்சார் காட்டும் அளவு, எஸ்வி என்றால் செட் பாயின்ட், எம்வி என்றால் கன்ட்ரோலர் வெளியே தரும் அவுட்புட் சதவீதம்.

1. பேனலைத் திறக்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

கன்ட்ரோலரின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை முதலில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பேனலில் பொருத்திய பிறகு அது கண்ணில் படாது. அவுட்புட் வகையை உறுதியாகச் சொல்வதோ அந்த மாடல் எண்தான்.

அந்த மாடலுக்கே உரிய மேனுவல், மல்டிமீட்டர், கிளாம்ப் மீட்டர், 60 அல்லது 100 வாட் குண்டு பல்பு ஒன்று, ஒரு துண்டு ஒயர், ஸ்டாப் வாட்ச் (போனில் இருப்பதே போதும்), செட்டிங்குகளை எழுத ஒரு தாள். பல்பும் துண்டு ஒயரும் எதற்கு என்பது பின்னால் வரும்.

ஹீட்டரின் ரெசிஸ்டன்ஸை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். 230 வோல்ட்டில் 2 கிலோவாட் என்றால் சுமார் 26 ஓம், 8.7 ஆம்பியர். 52 ஓம் காட்டினால், இணையாகப் போட்ட இரண்டு பேண்டுகளில் ஒன்று போய்விட்டது என்று பொருள். பாதி ஹீட்டரோடு செய்யும் ட்யூனிங், நல்ல ஹீட்டர் மாட்டிய அன்றே கெட்டுப்போகும்.

2. அவுட்புட் வகை: மெனுவில் தேடாதீர்கள், மாடல் எண்ணைப் பாருங்கள்

புதியவர்கள் அதிகம் தடுக்குவது இங்கேதான். பல கன்ட்ரோலர்களில் அவுட்புட் வகை ஹார்டுவேரிலேயே முடிவாகிவிடுகிறது. மெனுவில் மாற்ற முடியாது. ஓம்ரானின் இ5சிசி வரிசையை எடுத்துக்கொண்டால் ஆர்எக்ஸ் என்பது ரிலே, க்யூஎக்ஸ் என்பது எஸ்எஸ்ஆரை (சாலிட் ஸ்டேட் ரிலே, அசையும் கான்டாக்ட் இல்லாத மின்னணு சுவிட்ச்) ஓட்டும் 12 வோல்ட் டிசி, சிஎக்ஸ் என்பது மின்னோட்ட அவுட்புட். வேறு சில கம்பெனி மாடல்களில் ரிலேயும் எஸ்எஸ்ஆர் டிரைவும் தனித்தனி டெர்மினலில் இரண்டுமே இருக்கும். எது வேலை செய்ய வேண்டும் என்பதை மட்டும் மெனுவில் சொல்ல வேண்டும்.

ரிலே அவுட்புட் வெறும் சுவிட்ச். அதிலிருந்து வோல்டேஜ் வராது. அதன் கான்டாக்டை நேரே எஸ்எஸ்ஆரின் இன்புட்டில் கட்டிவிட்டு ‘எஸ்எஸ்ஆர் ஆன் ஆகவில்லை’ என்று நிற்பதைப் பல இடங்களில் பார்க்கலாம். இதற்கு நேர்மாறான தவறும் உண்டு: எஸ்எஸ்ஆர் டிரைவ் டெர்மினலில் 230 வோல்ட் கான்டாக்டர் காயிலைக் கட்டி ஃபேஸைக் கொண்டுவருவது. அதைச் செய்தால் கன்ட்ரோலரின் அவுட்புட் அந்த நொடியே போய்விடும்.

எந்த வேலைக்கு எது? பேரல், டை, சீலிங் பார் போலச் சீக்கிரம் சூடேறும் இடங்களுக்கு எஸ்எஸ்ஆர். பெரிய ஓவன், எண்ணெய்த் தொட்டி போல நிதானமாக நகரும் இடங்களுக்கு ரிலேயும் கான்டாக்டரும் போதும். ஸ்டீம் வால்வு, தைரிஸ்டர் பவர் கன்ட்ரோலர் ஆகியவற்றுக்கு 4–20 மில்லிஆம்பியர்.

ரிலேயின் ஆயுள் ஒரு கணக்குத்தான். மின்சுமையோடு 1 லட்சம் முறை என்று மேனுவலில் போட்டிருக்கிறது என்று வையுங்கள். சைக்கிள் டைம் 20 வினாடி என்றால் ஒரு நாளுக்கு 4,320 முறை. 1 லட்சம் 23 நாளில் தீர்ந்துவிடும். அந்த எண் முழுச் சுமைக்கானது. சின்ன கான்டாக்டர் காயிலை மட்டும் இழுக்கும்போது ரிலே அதைவிடப் பல மடங்கு உழைக்கும். ஆனாலும் சைக்கிள் டைமை 2 வினாடியாக்கினால் என்ன ஆகும் என்பதை இந்தக் கணக்கு காட்டிவிடுகிறது.

3. வயரிங்: மூன்று விஷயம் மட்டும்

மெயின் ஆஃப், பூட்டு, மல்டிமீட்டரில் வோல்டேஜ் இல்லை என்ற உறுதி. இது முடியாமல் கை வைக்காதீர்கள்.

ஒன்று, எஸ்எஸ்ஆர் பழுதானால் பெரும்பாலும் ஷார்ட் ஆகித்தான் நிற்கும். கன்ட்ரோலர் 0 சதவீதம் கொடுத்தாலும் ஹீட்டர் எரிந்துகொண்டே இருக்கும். ஆகவே எஸ்எஸ்ஆருக்கு முன்னால் ஒரு கான்டாக்டர் வைத்து, தனி சென்சாரும் தனி ஓவர் டெம்பரேச்சர் கருவியும் அதை டிரிப் செய்யும்படி அமையுங்கள். அதே கன்ட்ரோலரின் அலாரம் ரிலேயை மட்டும் நம்பினால், சென்சார் துளையை விட்டு நழுவும் நாளில் கன்ட்ரோலும் பாதுகாப்பும் சேர்ந்தே ஏமாறும்.

இரண்டு, எஸ்எஸ்ஆரில் ஓடும் ஒவ்வொரு ஆம்பியருக்கும் சுமார் 1 வாட் சூடு கிளம்பும். 8.7 ஆம்பியருக்கு 9, 10 வாட். ஹீட் சிங்க் இல்லாமல் பேனலின் பெயின்ட் பூசிய தகட்டில் ஸ்க்ரூ போட்டு வைத்த எஸ்எஸ்ஆர் ஒரு கோடையைத் தாண்டுவதே அபூர்வம். 25 ஆம்பியர் எஸ்எஸ்ஆர், ஹீட் சிங்க், இடையே சூடு கடத்தும் பேஸ்ட். அளவில் கஞ்சத்தனம் வேண்டாம்.

மூன்று, தெர்மோகப்பிள் ஒயரை நீட்ட வேண்டியிருந்தால் அதே டைப் காம்பன்சேட்டிங் கேபிள்தான். சாதாரண செம்பு ஒயர் போட்டால், இணைத்த இடத்துக்கும் கன்ட்ரோலர் டெர்மினலுக்கும் உள்ள சூட்டு வித்தியாசம் அப்படியே பிழையாக வந்துவிடும். பேரலை ஒட்டிய ஜங்ஷன் பாக்ஸ் 65 டிகிரியும் பேனல் 40 டிகிரியும் என்றால் 25 டிகிரி குறைவாகக் காட்டும். குறைவாகக் காட்டினால் கன்ட்ரோலர் கூடுதலாகச் சூடேற்றும்.

4. முதல் செட்டிங் இன்புட், அவுட்புட் அப்புறம்

இன்புட் டைப்பை மாற்றினால் பல கன்ட்ரோலர்களில் எஸ்வி, அலாரம், லிமிட் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். மற்றதை எல்லாம் செட் செய்துவிட்டுக் கடைசியில் இன்புட்டைத் தொட்டால் முதலில் இருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். இன்புட் முதலில் வருவதற்குக் காரணம் இது.

தெர்மோகப்பிளை இணைக்கும் முன் இன்புட் டெர்மினல் இரண்டையும் அந்தத் துண்டு ஒயரால் ஷார்ட் செய்யுங்கள். டிஸ்ப்ளே டெர்மினலின் சூட்டை, அதாவது அறை வெப்பத்தை விடச் சில டிகிரி கூடுதலாகக் காட்ட வேண்டும். 30, 38 என்று ஏதாவது வந்தால் கன்ட்ரோலரின் இன்புட் நலம். இதற்கு ஒரு நிமிடம் ஆகும். பின்னால் ‘சென்சாரா, கன்ட்ரோலரா’ என்ற வாதத்தில் போகும் அரை நாளை இது மிச்சப்படுத்தும்.

பிறகு சென்சாரை இணையுங்கள். ஒயர் நிறத்தில் ஏமாறாதீர்கள். ஐஇசி முறைப்படி கே டைப்பில் பச்சை பிளஸ், வெள்ளை மைனஸ்; அமெரிக்க முறைப்படி மஞ்சள் பிளஸ், சிவப்பு மைனஸ். சிவப்பு என்றதும் பிளஸ்ஸில் செருகுவது எலக்ட்ரீஷியன் கைப்பழக்கம். சந்தேகம் வந்தால் காந்தம் வையுங்கள்: கே டைப்பில் லேசாக ஒட்டும் கம்பிதான் மைனஸ். ஜே டைப்பில் இரும்புக் கம்பி பிளஸ், நன்றாகவே ஒட்டும்.

டைப்பை மாற்றிப் போட்டால் டிஸ்ப்ளே தப்பாகத் தெரியாது, அதுதான் ஆபத்து. கே சென்சாரை மாட்டி, கன்ட்ரோலரை ஜே என்று வைத்துவிட்டால் அறை வெப்பத்தில் எல்லாம் சரியாகவே காட்டும். டிஸ்ப்ளே 180-ஐத் தொடும்போது பேரல் 230-ஐ ஒட்டி நிற்கும். மெட்டீரியல் கருகிய வாடை வந்த பிறகுதான் தெரியவரும்.

பிடி100 (சூட்டுக்கு ஏற்ப ரெசிஸ்டன்ஸ் மாறும் சென்சார்) என்றால் மூன்று ஒயரில் ஒரே நிறத்தில் உள்ள இரண்டும் ஒரே முனையில் சேர்பவை. மல்டிமீட்டரில் அவை இரண்டுக்கும் இடையே ஒன்றிரண்டு ஓமுக்குள் வரும். மற்றதோடு அளந்தால் அறை வெப்பத்தில் 110 ஓமை ஒட்டி வரும்.

5. அவுட்புட் செட்டிங்: ஆக்ஷன், சைக்கிள் டைம், லிமிட்

ஆக்ஷனில் ரிவர்ஸ், டைரக்ட் என்று இரண்டு. ஹீட்டிங்குக்கு ரிவர்ஸ், கூலிங்குக்கு டைரக்ட். பெயர் குழப்பும்: ‘நான் நேராகச் சூடேற்றத்தானே போகிறேன், டைரக்ட் போடலாம்’ என்று நினைப்பவர்கள் நிறைய. பிவி ஏற ஏற அவுட்புட் குறைய வேண்டும், அதனால் ரிவர்ஸ் என்று நினைவில் வையுங்கள். தவறாகப் போட்டால் எஸ்விக்குக் கீழே ஹீட்டர் ஆன் ஆகவே ஆகாது. அது நல்ல பக்கம். ஏதாவது காரணத்தால் பிவி எஸ்வியைத் தாண்டிவிட்டால் 100 சதவீதத்தில் ஏறிக்கொண்டே போகும்.

சைக்கிள் டைம் என்பது ஓர் ஆன், ஓர் ஆஃப் சேர்ந்த மொத்த நேரம். 2 வினாடி சைக்கிளில் எம்வி 25 சதவீதம் என்றால் அரை வினாடி ஆன், ஒன்றரை வினாடி ஆஃப். ரிலே, கான்டாக்டருக்கு 20 வினாடியில் தொடங்குங்கள். எஸ்எஸ்ஆருக்கு 1 அல்லது 2 வினாடி. அதற்குக் கீழே போவதில் பெரிய லாபம் இல்லை: 50 ஹெர்ட்ஸில் அரை அலைக்கு 10 மில்லிவினாடி, ஜீரோ கிராஸ் எஸ்எஸ்ஆர் அரை அலைக் கணக்கில்தான் திறந்து மூடும், 1 வினாடியில் 100 அரை அலை, அதாவது 1 சதவீதம் வரை துல்லியம் கிடைத்துவிடுகிறது. 0.1 வினாடி வைத்தால் 10 படிகள்தான் மிஞ்சும்.

பழைய பேனலில் கான்டாக்டரைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்ஆர் போடுகிறவர்கள் சைக்கிள் டைமை 20 வினாடியிலேயே விட்டுவிடுவது வழக்கம். பேரலில் அவ்வளவாகத் தெரியாது. மெல்லிய சீலிங் பாரில் ஒவ்வொரு 20 வினாடிக்கும் டெம்பரேச்சர் ஏறி இறங்குவது டிஸ்ப்ளேயிலேயே தெரியும். அதைப் பிஐடி எண்களால் சரிசெய்யவே முடியாது.

அவுட்புட் மேல் லிமிட்டை இந்தக் கட்டத்தில் 100, கீழ் லிமிட்டை 0 என்றே விடுங்கள். ஓவர்ஷூட் (எஸ்வியைத் தாண்டிப் போவது) வருகிறதே என்று மேல் லிமிட்டை 60-க்குக் குறைப்பது சுலப வழி போலத் தெரியும். லோடு கூடும் நாளில் டெம்பரேச்சர் எஸ்வியை எட்டாமலே நின்றுவிடும். லிமிட் தேவைப்படுவது ஹீட்டர் பவர் மிக அதிகமாக உள்ள இடத்தில் மட்டும். அதையும் ட்யூனிங்குக்கு முன்பே முடிவு செய்ய வேண்டும்.

6. மேனுவல் மோடில் சோதனை: இதைத் தாண்டிப் போகாதீர்கள்

நேரம் இல்லையென்றால் மற்ற எதையும் சுருக்குங்கள், இதைச் சுருக்காதீர்கள். மேனுவல் மோடில் கன்ட்ரோலர் எதையும் தானாக முடிவு செய்வதில்லை. நீங்கள் சொன்ன சதவீதத்தை அப்படியே வெளியே அனுப்புகிறது. வயரிங், ஆக்ஷன், ஹீட்டர், சென்சார் நான்கையும் பிஐடியின் தலையீடு இல்லாமல் பார்க்கக் கிடைக்கும் ஒரே சந்தர்ப்பம் இது.

முதலில் 0 சதவீதம். கிளாம்ப் மீட்டரை ஹீட்டர் ஒயரில் மாட்டுங்கள்: மின்னோட்டம் பூஜ்ஜியம். இங்கே மல்டிமீட்டரால் வோல்டேஜ் அளந்து பயப்படுகிறவர்கள் உண்டு. ஹீட்டரைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்ஆர் அவுட்புட்டை அளந்தால், அது ஆஃபில் இருந்தாலும் 200 வோல்ட்டுக்கு மேல் காட்டும். எஸ்எஸ்ஆரின் உள்ளே கசியும் சில மில்லிஆம்பியரே மீட்டருக்குப் போதும். குண்டு பல்பு இதற்குத்தான். அவுட்புட்டில் லோடாகக் கட்டுங்கள். எஸ்எஸ்ஆர் நன்றாக இருந்தால் பல்பு எரியாது. எல்இடி பல்பு வேண்டாம், கசிவிலேயே மினுக்கும்.

அடுத்து 20 சதவீதம். கன்ட்ரோலரின் அவுட்புட் விளக்கும் எஸ்எஸ்ஆரின் சின்ன எல்இடியும் சேர்ந்து விட்டு விட்டு எரிய வேண்டும்; கிளாம்ப் மீட்டரில் மின்னோட்டம் வந்து வந்து போகும். வேகமான விட்டு விட்டு ஓட்டத்தில் கிளாம்ப் மீட்டரால் சரியான எண்ணைப் பிடிக்க முடியாது. ஆகவே ஒரு சில வினாடி மட்டும் 100 சதவீதம் வைத்து 8.7 ஆம்பியர் வருகிறதா என்று பார்த்துவிட்டு 20-க்குத் திரும்புங்கள்.

இப்போது பிவியைப் பாருங்கள். ஏறினால் சரி. இறங்கினால் தெர்மோகப்பிள் முனை மாறியிருக்கிறது. அசையவே இல்லை என்றால் மூன்று சாத்தியம்: சென்சார் துளையின் அடி வரை போகவில்லை, பக்கத்து ஜோன் சென்சார் இங்கே கட்டப்பட்டிருக்கிறது, அல்லது ஹீட்டர் ஒயர் அடுத்த ஜோனுக்குப் போயிருக்கிறது. நான்கு ஜோன் இயந்திரத்தில் ஒரு நேரத்தில் ஒரு ஜோனுக்கு மட்டும் 20 சதவீதம் கொடுத்து, எந்த டிஸ்ப்ளே ஏறுகிறது என்று பாருங்கள். இரண்டாம் ஜோனும் மூன்றாம் ஜோனும் மாறிக் கட்டப்பட்ட நிலையில் ஆட்டோவில் விட்டால் ஒன்று 100 சதவீதத்தில் கொதிக்கும், மற்றது 0-வில் ஆறிப்போகும். அதைப் பார்த்து யாரும் வயரிங் என்று சொல்ல மாட்டார்கள், ட்யூனிங் என்பார்கள்.

கடைசியாக, எஸ்விக்குப் பக்கத்தில் டெம்பரேச்சர் நிலையாக நிற்க எத்தனை சதவீதம் தேவை என்று கண்டுபிடித்து எழுதுங்கள். நம் ஜோனுக்கு 35 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். பின்னாளில் அதே 180-க்கு 60 சதவீதம் போகிறது என்றால் ஹீட்டர் ஒன்று போயிருக்கிறது அல்லது இன்சுலேஷன் கழன்றிருக்கிறது என்று இந்த எண் காட்டிக்கொடுக்கும். மறுபக்கம், நிலையாக நிற்கவே 85 சதவீதம் தேவைப்பட்டால் ஹீட்டர் போதாது. எந்தப் பிஐடியும் அதைக் காப்பாற்றாது.

7. கன்ட்ரோல் மோடு: ஆன்-ஆஃபா, பிஐடியா

பெட்டியில் இருந்து எடுக்கும்போது கன்ட்ரோலர் பிஐடியில் இருக்கும் என்று எண்ணாதீர்கள். இ5சிசி ஆன்-ஆஃப் மோடில்தான் வருகிறது. அப்படியே ஓட்டிவிட்டு, பிஐடி எண்களை மாற்றி மாற்றி ஒன்றும் நடக்கவில்லையே என்று குழம்புவது உண்டு. இந்த வரிசையில் இனிஷியல் செட்டிங் லெவலுக்குள் நுழைந்தாலே கன்ட்ரோலும் அலாரமும் நின்றுவிடும் என்பதையும் கவனியுங்கள். ஓடும் மெஷினில் ‘சும்மா பார்க்கலாம்’ என்று உள்ளே போகக் கூடாது.

ஆன்-ஆஃப் மோடில் ஹிஸ்டெரிசிஸ் ஒன்றுதான் செட்டிங். 2 டிகிரி வைத்தால் 180-ல் ஆஃப், 178-ல் ஆன். ஆனால் ஹீட்டரில் தேங்கிய சூடு ஆஃப் ஆன பிறகும் பேரலுக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும், எனவே உண்மையான ஆட்டம் 2 டிகிரியைத் தாண்டும். தண்ணீர்த் தொட்டி, சில்லர், கம்ப்ரஸர் போன்றவற்றுக்கு ஆன்-ஆஃப் தான் சரி. கம்ப்ரஸரைப் பிஐடியில் போட்டு அடிக்கடி ஸ்டார்ட் செய்ய வைத்தால் மோட்டார்தான் போகும்.

பி மட்டும் போட்டால் ஏன் எஸ்விக்குக் கீழேயே நின்றுவிடுகிறது? புரபோர்ஷனல் பேண்ட் (அவுட்புட் 0-விலிருந்து 100 சதவீதம் வரை மாறும் டெம்பரேச்சர் அகலம்) 20 டிகிரி, ஆரம்ப பயாஸ் (வித்தியாசமே இல்லாதபோதும் கொடுக்கும் அவுட்புட்) 0 என்று கொள்வோம். 20 டிகிரி வித்தியாசத்துக்கு 100 சதவீதம் என்றால் 1 டிகிரிக்கு 5 சதவீதம். நம் ஜோனைத் தாங்க 35 சதவீதம் வேண்டும். அது கிடைக்க 7 டிகிரி வித்தியாசம் இருந்தே ஆக வேண்டும். ஆகவே டெம்பரேச்சர் 173-ல் நிற்கும். அந்த 7 டிகிரியை மெதுவாக அடைப்பது ஐ-யின் வேலை. வேகமாக வரும் மாற்றத்துக்கு முன்கூட்டியே பிரேக் போடுவது டி-யின் வேலை.

இரண்டு அலகுப் பொறிகள் உண்டு. சில கன்ட்ரோலர்களில் பேண்ட் டிகிரியில், சிலவற்றில் முழு ரேஞ்சின் சதவீதத்தில். 0–1200 ரேஞ்சில் 5 சதவீதம் என்றால் 60 டிகிரி. பழைய கன்ட்ரோலரின் ‘5’-ஐப் புதியதில் 5 டிகிரியாகப் போட்டால் பன்னிரண்டு மடங்கு முரட்டுத்தனம். அதே போல ஐ நேரம் சிலவற்றில் வினாடி, சிலவற்றில் நிமிடம். 4 நிமிடத்தை 4 வினாடியாகப் போட்ட லூப் ஊசலாடிக்கொண்டே இருக்கும்.

8. ஆட்டோ ட்யூன்: எப்போது, எப்படி

ஆட்டோ ட்யூன் எஸ்வியைச் சுற்றி ஹீட்டரை முழுதாகப் போட்டு, முழுதாக நிறுத்தி, சில சுற்று ஊசலாட விட்டு அதிலிருந்து கணக்கெடுக்கிறது. எனவே எஸ்வியைக் கட்டாயம் தாண்டும். அந்தத் தாண்டலைத் தாங்காத இடம் என்றால், எஸ்வியைக் கொஞ்சம் கீழே வைத்து ட்யூன் செய்துவிட்டுப் பிறகு ஏற்றுங்கள். ஆனால் மிகக் கீழே வேண்டாம். 180-ல் ஓடப்போவதை 80-ல் ட்யூன் செய்தால் எண்கள் பொருந்தாது. இ5சிசி-யில் 100 சதவீதம், 40 சதவீதம் என்று இரண்டு வகை ஆட்டோ ட்யூன் உண்டு. 40-இல் ஆட்டத்தின் அளவு குறையும், முடிய நேரம் கூடும்.

பக்கத்து ஜோன்களை முதலில் அவற்றின் எஸ்விக்குக் கொண்டுவந்து நிறுத்துங்கள். பேரல் ஒரே இரும்பு. பக்கத்து ஜோன் ஆறிக் கிடந்தால் உங்கள் ஜோனின் சூட்டை இழுத்துக்கொண்டே இருக்கும். ஒரு நேரத்தில் ஒரு ஜோன். நான்கையும் ஒன்றாக அழுத்தினால் ஒன்றின் ஊசலாட்டம் மற்றதின் கணக்கில் புகுந்துவிடும்.

பேரலில் பிவிசி இருக்கும்போது இதைச் செய்யாதீர்கள். ஸ்க்ரூ நிற்க, சூட்டில் தங்கிய பிவிசி சிதைந்து அமில வாயுவை வெளியிடும். ஸ்க்ரூவும் பேரலும் அரிக்கப்படும். எல்டிபிஇ பிளாஸ்டிக் போட்டுப் பர்ஜ் செய்த (உள்ளே இருப்பதைத் தள்ளி வெளியேற்றிய) பிறகு தொடங்குங்கள்.

ட்யூனிங் நடுவே எஸ்வியை மாற்றுவது, கதவைத் திறப்பது, புளோயரைக் கையால் போடுவது எல்லாம் கணக்கைக் கெடுக்கும். முடியாமலே போனால் முதலில் பார்க்க வேண்டியது 6-ஆம் படியில் எழுதிய சதவீதம். ஹீட்டர் சக்தி போதாமல் எஸ்வியைத் தொடவே முடியாத ஜோனில் ஆட்டோ ட்யூன் எப்படி முடியும்?

9. ட்யூன் முடிந்த பிறகு கையால் தொடுவது

ஆட்டோ ட்யூன் தந்த மூன்று எண்களையும் முதலில் எழுதி வைத்துக்கொண்டு, பிறகு ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றிய பின் ஒரு முழு ஊசலாட்டக் காலமாவது பொறுங்கள். இந்தப் பொறுமை இல்லாமல்தான் பாதிப் பேர் கெடுக்கிறார்கள்.

சீராக ஏறி இறங்கிக்கொண்டே இருந்தால் பேண்டை ஒன்றரை மடங்காக்குங்கள். எஸ்வியைத் தாண்டி நெடுநேரம் கழித்தே இறங்கி வந்தால் ஐ நேரத்தைக் கூட்டுங்கள். எஸ்விக்குக் கீழே நின்று ஊர்ந்து ஊர்ந்து ஏறினால் ஐ நேரத்தைக் குறையுங்கள். டிஸ்ப்ளே நிலையாக இருக்க, எம்வி மட்டும் 10, 70, 25 என்று குதித்தால் டி அதிகம் அல்லது சென்சார் ஒயரில் இரைச்சல்.

ஆட்டோ ட்யூன் இல்லாத கன்ட்ரோலரில் ஐ, டி இரண்டையும் அணைத்துவிட்டு, பேண்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, ஆட்டம் வளராமலும் தேயாமலும் நீடிக்கும் இடத்தைப் பிடியுங்கள். அங்கே பேண்ட் 12 டிகிரி, ஓர் ஊசலாட்டத்துக்கு 240 வினாடி என்று வந்தால்: பேண்ட் 12 × 1.67 = 20 டிகிரி, ஐ 240 ÷ 2 = 120 வினாடி, டி 240 ÷ 8 = 30 வினாடி. ஸீக்லர்-நிக்கல்ஸ் முறை இது. இது கொஞ்சம் முரட்டு ட்யூனிங். பிளாஸ்டிக் வேலைக்குப் பேண்டை 30 வரை அகலமாக்கினால்தான் அமைதியாக ஓடும்.

10. ஹீட்-கூல் மோடு: புளோயரைச் சேர்க்கும்போது

ஸ்க்ரூ சுழலும்போது உராய்விலேயே சூடு பிறக்கும். ஹீட்டர் 0 சதவீதத்தில் இருந்தும் டெம்பரேச்சர் ஏறினால் கூலிங் தேவை. ஸ்டாண்டர்டு என்பதை ஹீட்-கூல் என்று மாற்றி, இரண்டாம் அவுட்புட்டைக் கூலிங்குக்கு ஒதுக்குங்கள். இந்த மாற்றத்துக்குப் பிறகு ட்யூனிங்கைத் திரும்பச் செய்ய வேண்டும்.

டெட் பேண்ட் (ஹீட்டிங்கும் கூலிங்கும் இரண்டும் ஓடாத இடைவெளி) 2 அல்லது 3 டிகிரி வையுங்கள். 0 என்றால் ஹீட்டரும் புளோயரும் மாறி மாறி சண்டை போடும். மைனஸில் வைத்தால் இரண்டும் ஒரே நேரத்தில் ஓடும். கரண்ட் பில்லில்தான் அது தெரியவரும். கூலிங் சைக்கிள் டைமை ஹீட்டிங்கிலிருந்து பிரித்து 20 வினாடிக்கு மேல் வையுங்கள். 2 வினாடிக்கு ஒருமுறை ஆன், ஆஃப் ஆகும் புளோயர் மோட்டார் அதிக நாள் வராது.

11. 4–20 மில்லிஆம்பியர், வால்வு என்றால்

4-இல் 0 சதவீதம், 12-இல் 50, 20-இல் 100. மேனுவல் மோடில் 50 வைத்து மீட்டரைத் தொடரில் போட்டு 12 வருகிறதா என்று பாருங்கள். 10 வந்தால் கன்ட்ரோலர் 0–20-இல் இருக்கிறது. பொசிஷனர் (சிக்னலுக்கு ஏற்ப வால்வை நகர்த்தும் கருவி) அதை 37.5 சதவீதமாகவே எடுத்துக்கொள்ளும். கன்ட்ரோலரின் மின்னோட்ட அவுட்புட் பொதுவாகத் தானே சக்தி கொடுப்பது. அந்த லூப்பில் தனியாக 24 வோல்ட் சப்ளையைச் சேர்க்காதீர்கள்.

காற்று போனால் மூடும் ஸ்டீம் வால்வு என்றால் ஹீட்டிங்குக்கு வழக்கம் போல ரிவர்ஸ். காற்று போனால் திறக்கும் வகை என்றால், பொசிஷனர் சிக்னலைத் திருப்பாத வரை 4 மில்லிஆம்பியரில் வால்வு முழுதாகத் திறந்திருக்கும். அப்போது ஆக்ஷன் டைரக்ட். மேனுவல் மோடில் 0 வைத்து வால்வுத் தண்டைக் கண்ணால் பார்க்காமல் ஆட்டோவுக்குப் போகக் கூடாது. ஃப்ளோ, பிரஷர் லூப்களில் டி-யை 0 ஆக்கிவிடுங்கள். அங்கே சிக்னல் இயல்பாகவே துள்ளும், டி அதைப் பெரிதாக்கும்.

மோட்டார் வால்வில் திற, மூடு என்று இரண்டு ரிலே. முழுதாக மூடியதில் இருந்து முழுதாகத் திறக்க எத்தனை வினாடி என்று ஸ்டாப் வாட்சில் அளந்து அதை டிராவல் டைமில் போடுங்கள். கேட்டலாக் எண்ணை நம்ப வேண்டாம்.

12. சென்சார் போனால் என்ன நடக்கும்

ஒயர் அறுந்தால் கன்ட்ரோலர் கண்டுபிடிக்கும். அப்போதைய அவுட்புட்டை 0 என்று செட் செய்யுங்கள். சோதிக்க, ஓடும்போது ஒரு முனையைக் கழற்றிப் பாருங்கள். எர்ரர் வந்து அவுட்புட் விளக்கு அணைய வேண்டும்.

கண்டுபிடிக்காதது இரண்டு. ஒயர் நடுவில் நசுங்கி ஷார்ட் ஆனால், நசுங்கிய இடத்தின் சூட்டைக் காட்டும். சென்சார் துளையில் இருந்து கழன்று தொங்கினால் வெளிக்காற்றின் சூட்டைக் காட்டும். இரண்டிலும் பிவி ‘நல்ல’ எண். கன்ட்ரோலர் 100 சதவீதம் கொடுத்துக்கொண்டே இருக்கும். லூப் பிரேக் அலாரம் இதற்குத்தான்: முழு அவுட்புட் கொடுத்தும் இத்தனை வினாடியில் இத்தனை டிகிரி ஏறவில்லை என்றால் கத்தும். 6-ஆம் படியில் நீங்கள் பார்த்த ஏற்ற வேகத்தில் அத்தனை டிகிரி ஏற ஆகும் நேரத்தைப் போல இரண்டு மடங்காக அந்த நேரத்தை வையுங்கள்.

டீவியேஷன் லோ அலாரத்துக்கு (பிவி எஸ்வியை விடக் குறிப்பிட்ட அளவு கீழே போனால் அடிப்பது) ஸ்டாண்ட்பை, அதாவது முதல் முறை சூடேறி முடியும் வரை அடிக்காத வசதி, சேர்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் தினமும் காலையில் ஆறிய மெஷினைப் போடும்போதெல்லாம் அலாரம் அடிக்கும். ஒரு வாரத்தில் யாராவது பஸ்ஸரின் ஒயரைக் கழற்றிவிடுவார்கள்.

13. பூட்டி, எழுதி வைப்பது

எஸ்வியின் மேல் எல்லையை மெட்டீரியல் தாங்கும் அளவுக்கு, நம் ஜோனுக்கு 220 என்று, கட்டிவிடுங்கள். ஆபரேட்டர் எஸ்வியை மட்டும் மாற்றும்படி பாராமீட்டர் லாக் போடுங்கள். ஆட்டோ-மேனுவல் கீயையும் பூட்டலாமா என்பது ஷாப்பைப் பொறுத்தது. சென்சார் போன இரவில் 35 சதவீதம் மேனுவலில் வைத்து, ஆள் பக்கத்திலேயே நின்று ஷிப்டை ஓட்டியாக வேண்டிய இடங்களில் அதைத் திறந்து வைப்பதே நல்லது.

இன்புட் டைப், ஆக்ஷன், சைக்கிள் டைம், பேண்ட், ஐ, டி, லிமிட், அலாரம், நிலை நிற்கும் எம்வி சதவீதம், ஹீட்டர் ஓம், தேதி ஆகியவற்றை ஒரே தாளில் எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பேனல் கதவின் உட்புறம் ஒட்டுங்கள். அலகையும் சேர்த்து எழுதுங்கள்: ‘ஐ 120’ என்று விடாமல் ‘ஐ 120 வினாடி’ என்று.